கூட்டிச் சொல்லாத வக்கீலம்மா

எனக்குத் தொண்டை பெரிது. மரக்காணத்தில் என்னை லவுட்ஸ்பீக்கர் பாய் என்றுதான் சொல்வார்கள். வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். சைக்கிளைத் திருப்பிக் கொண்டுவராதவன் உப்பளத்தின் அந்தக் கோடியில் இருந்தாலும் கடையில் உட்கார்ந்தபடியே அவனைத் திட்டுவேன், அவனுக்கும் கேட்கும். இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனியையே மூடிவிடலாம் என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. எண்பதுகளின் கடைசி. அந்த நம்பிக்கையைக் கெடுத்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

திண்டிவனம் கோர்ட்டில் அவர் வக்கீல். என்னைவிட வயதில் சின்னவர். எங்களுக்கு வக்கீலம்மா. பெயர் தெரியும், எழுத மாட்டேன். எங்கேயாவது இருந்து இதைப் படித்தாரானால், எந்த வரியில் எவ்வளவு கூட்டியிருக்கிறேன் என்று பென்சிலால் கோடு போடுவார். அப்படிப்பட்ட ஆள்.

அவர் எப்படிப்பட்ட ஆள் என்பதற்கு ஒரு டீ போதும். என் கடைக்குப் பக்கத்தில் டீக்கடை. முதல் தடவை வந்தபோது டீக்கடைக்காரர் பாலைக் கூடுதலாக ஊற்றி, நுரை பொங்க ஆற்றி, கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றார்.

"டீ எப்படிங்க மேடம் இருக்குது?"

வக்கீலம்மா ஒரு வாய் குடித்தார். யோசித்தார்.

"சூடா இருக்கு."

டீக்கடைக்காரர் முகம் அன்று சாயங்காலம் வரை சரியாகவில்லை. என் மனைவி ஒருநாள் மீன் குழம்பு வைத்துப் போட்டாள். "உப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உப்பளத்து ஊரில் வந்து உட்கார்ந்துகொண்டு உப்பு ஜாஸ்தி என்கிறாளே என்று என் மனைவி பாத்திரம் கழுவி முடிக்கும்வரை முணுமுணுத்தாள். "ரெண்டாவது தடவை கேட்டு வாங்குனாங்கல்ல?" என்றேன். "அதான் எனக்குப் புரியல" என்றாள். எனக்கும் புரியவில்லை.

சங்கதி இதுதான். எங்கள் தெருவுக்கு மேற்கே, துணிச் சாயத்துக்குச் சரக்கு தயாரிக்கும் கம்பெனி ஒன்று வந்தது. கழிவுத் தண்ணீரைப் பின்பக்கத்துக் குட்டையில் விட்டார்கள். குட்டைக்குச் சிமெண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் முழுக்க மணல். ஊற்றியதையெல்லாம் குடித்துவிடும். இரண்டு மழைக்குப் பிறகு எங்கள் கிணற்றில் தண்ணீர் மஞ்சளாக நிறம் மாறி நாற்றமடித்தது. வடித்த வெறும் சோறே பிரியாணி நிறத்தில் வந்தது. பிள்ளைகள் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு திரிந்தார்கள். சுற்றிலும் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். அது ஒன்றுதான் நல்ல தண்ணீர்க் கிணறு. எங்கள் தெருவுக்கும் அதுதான், பின்னால் உப்பளக் கூலிக்குப் போகிற காலனிக்கும் அதுதான். அது போனால் நாங்களும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நான் சும்மா இருக்கவில்லை. சும்மா இருந்திருந்தாலும் அதே பலன்தான் கிடைத்திருக்கும். மனு மனுவாகப் போட்டேன். "லட்சக்கணக்கான மக்கள்" என்று எழுதினேன். எங்கள் மொத்தச் சனமும் ஒரு உப்பு லாரியில் அடங்கிவிடும். கலெக்டரிடம் மனுக் கொடுக்கும் நாளில் கத்தியதில் ஒரு போலீஸ்காரர் என்னைத் தோளில் கைபோட்டு வெளியே அழைத்து வந்து, "தொண்டை வறண்டிருக்கும் பாய், சோடா சாப்பிடுங்க" என்றார். சாப்பிட்டேன். அதுதான் அந்த வருடத்தில் நான் அரசாங்கத்திடமிருந்து பெற்ற நிவாரணம்.

அப்போது மரக்காணம் பள்ளிக்கூடத்தில் இலவச சட்ட உதவி முகாம் போட்டார்கள். ஏழைகளுக்குக் காசு வாங்காமல் கேஸ் நடத்துவார்கள் என்றார்கள். மீசை வைத்த, குரல் கட்டையான ஒரு சிங்கத்தை எதிர்பார்த்துப் போனேன். ஒரு பெஞ்சில் ஜலதோஷம் பிடித்த ஒல்லியான பெண் ஒருவர் மூக்கைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன பிரச்சனை?"

"ஊரே செத்துக்கிட்டிருக்குது மேடம்!"

"யாரு செத்தாங்க?"

பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் உயிரோடுதான் இருந்தார்கள்.

"இன்னும் யாரும் சாவல."

"அப்ப அதை எழுத வேணாம்" என்று சொல்லி, பென்சிலைச் சீவிக்கொண்டார்.

அன்றைக்கே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஆனால் காசு வாங்காத வேறு வக்கீல் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து வருவார். என் கடைப் பலகையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்பார். கேள்வி ஒன்றுதான். "நீங்க பாத்தீங்களா?" பார்த்தது என்றால் எழுதுவார். கேள்விப்பட்டது என்றால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். எங்கள் ஊரில் கேள்விப்படாமல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. எழுதிய நேரத்தைவிடப் பென்சில் படுத்திருந்த நேரம்தான் அதிகம்.

காலனியில் செல்லம்மா என்று ஒருத்தி. உப்பு வாரும் வேலை. வாயில் என்னைத் தோற்கடிக்கக்கூடிய ஒரே ஆள். அவள் வந்து நின்றாள்.

"என் ஆடு அந்தத் தண்ணியக் குடிச்சுத்தாம்மா செத்துச்சு. சினை ஆடு!"

"குடிச்சதைப் பாத்தீங்களா?"

"அந்தப் பக்கமாத்தான் மேயும். குடிக்காம எங்க போவும்?"

"எப்படிச் செத்துச்சு? வாயில நுரை கட்டுச்சா, வயிறு ஊதுச்சா?"

செல்லம்மா என்னைப் பார்த்தாள். நான் சைக்கிள் டியூபைப் பார்த்தேன்.

"லாரி ஏறிடுச்சு" என்றாள் மெதுவாக. உடனே குரலை ஏற்றினாள். "ஆனா அந்தத் தண்ணியக் குடிச்ச மயக்கத்துலதாம்மா அதுக்கு லாரி வர்றது தெரியல! இல்லாட்டி என் ஆடு எவ்ளோ உஷாரான ஆடு தெரியுமா? பாயைக் கேளு!"

"உஷாரான ஆடுதான் மேடம்" என்றேன் நான். "அதுவுமில்லாம அது கம்பெனி லாரி."

"லாரி கேஸ் வேற, தண்ணி கேஸ் வேற. ஆட்டை எடுத்துருவோம்."

"ஏம்மா, நீ எங்களுக்கு வக்கீலா, கம்பெனிக்கு வக்கீலா?" என்றாள் செல்லம்மா.

"உங்களுக்குத்தாங்க. அதான் எடுக்கச் சொல்றேன்."

ஆடு போயிற்று. என் லட்சக்கணக்கான மக்கள் போனார்கள். கடைசியில் கேஸ் கட்டில் நாலு விஷயம்தான் மிஞ்சியது. பற்றாக்குறைக்கு அவராகவே ஒரு வரி சேர்த்திருந்தார். கோடையில் அந்தக் கிணற்றுத் தண்ணீர் முன்பிருந்தே சற்றுக் கரிக்கும் என்று. அதைப் படித்துக் காட்டியபோது நான் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் அடித்தேன்.

"கம்பெனிக்காரன் அதைத்தானே மேடம் சொல்றான்! உப்பு மண்ணு, தண்ணி அப்படித்தான் இருக்கும்னு! நம்ம கேஸ்ல நம்மளே எழுதிக் குடுக்கறதா?"

"கரிச்சுச்சா, இல்லையா?"

"கரிச்சுச்சு."

"அப்ப எழுதணும் பாய்."

அப்படியே எழுந்து நடந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார். அந்தப் பேச்சுக்கு நான் யோசித்து வைத்த பதில்கள் எல்லாம் பஸ் போன பிறகுதான் வந்தன. இன்றைக்கும் ஒன்றிரண்டு வந்துகொண்டிருக்கின்றன.

கோர்ட்டில் கம்பெனி வக்கீல் அதே உப்பு மண் கதையைச் சொன்னார். நீதிபதி, நேரில் போய்ப் பார்த்து அறிக்கை கொடுக்கும்படி ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டார். இரண்டு தரப்பும் கூட இருக்க வேண்டும். கமிஷனர் கிணற்றில் என்ன பார்க்கிறாரோ அதை வைத்துத்தான் கம்பெனிக்குத் தடை போடுவதா இல்லையா என்று முடிவாகும். இதை வக்கீலம்மா தெளிவாகச் சொன்னார். "அவர் கண்ணால பாக்கறதுதாங்க கேஸ்" என்றார். எல்லாரும் தலையை ஆட்டினோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டினேன்.

இனிமேல் வருவது நாங்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை.

சந்தனக்கூடு வந்தாலும் சரி, ஆடிக் கூழ் ஊற்றினாலும் சரி, எங்களுக்கு முதல் வேலை கிணறு. வெளி ஆட்கள் வருவார்கள், தண்ணீர் கேட்பார்கள். அவர்கள் முன்னால் மானம் போகக்கூடாது. கிணற்றை இறைத்து, சேறு வாரி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பிளீச்சிங் பவுடர் போட்டு வைப்போம். தெருவும் காலனியும் சேர்ந்து செய்கிற ஒரே வேலை அது. கமிஷனர் வரும் நாளுக்கு முந்தின நாள் என் மனைவிதான் ஆரம்பித்தாள்.

"ஏங்க, கோர்ட்டுலருந்து ஆபீசர் வர்றாராம். கிணத்தடி கெடக்கிற கெடப்பப் பாத்தா நம்மள என்னன்னு நெனைப்பாரு?"

எனக்குச் சுரீர் என்றது. எழுந்தேன். என் தொண்டைக்கு அன்றுதான் சரியான வேலை கிடைத்தது. ஒரு கூப்பாட்டில் தெருவும் காலனியும் திரண்டன. செல்லம்மா சேறு வாரினாள். பையன்கள் சுண்ணாம்பு அடித்தார்கள். காலனிப் பெண்கள் கிணற்றடியில் கோலம் போட்டார்கள். பஞ்சாயத்து ஆபீசில் கத்தி ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்தேன். எப்போதும் போடுவதைவிட அதிகமாகவே போட்டேன், ஆபீசர் அல்லவா. மறுநாள் காலையில் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. அடியில் கிடந்த ஓட்டுத் துண்டு தெரிந்தது. மஞ்சள் எங்கேயும் இல்லை. "மாஷா அல்லாஹ்" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது.

வக்கீலம்மா கமிஷனருக்கு முன்னாலேயே பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளைச் சுவரைப் பார்த்தார். கோலத்தைப் பார்த்தார். கிணற்றுக்குள் குனிந்து பார்த்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"யாரு இதைச் செஞ்சது?" என்றார் கிணற்றுக்குள்ளேயே.

"நாந்தான் மேடம், முன்னால நின்னு..." என்று ஆரம்பித்தேன். வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் என் மூளைக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. அது எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

செல்லம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி பாய்! வருஷம் முழுக்க வந்து பாருங்க வந்து பாருங்கன்னு கத்திட்டு, பாக்க வர்றப்ப தொடைச்சு வெச்சுட்டியே!"

"நீ வாரலையா சேறு?"

"நீ கத்துனா யாருக்குய்யா மூளை வேலை செய்யுது?"

எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. என் யோசனைகள் உடனே வருபவைதான், அதுதான் அவற்றின் குறை. "மேடம், அஞ்சு நிமிஷம். சைக்கிள்ல ரெண்டு குடம் கட்டிட்டுப் போய்க் கம்பெனிக் குட்டையிலருந்தே மொண்டு வந்து ஊத்திடறேன். அவன் தண்ணிதானே?"

வக்கீலம்மா நிமிர்ந்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"ஊத்துங்க பாய். யாரு ஊத்துனாங்கன்னு கமிஷனர்கிட்ட நானே சொல்லுவேன்."

"நீங்க யாரு பக்கம் மேடம்!" என்று கத்தினேன். தெருவே கேட்டது. அதற்குள் சாலையில் ஜீப் வந்துவிட்டது.

கமிஷனர் சின்னப் பையன் மாதிரி இருந்தார், சட்டை கசங்காமல். கூடவே கறுப்புக் கண்ணாடி போட்ட கம்பெனி வக்கீல். அவர் கிணற்றை ஒரு பார்வை பார்த்தார். "சார், தேங்கா தண்ணி மாதிரி இருக்குது. இதுக்குத்தான் இவ்ளோ கூப்பாடு" என்றார். அந்தக் கடைசிச் சொல்லை என்னைப் பார்த்துச் சொன்னார்.

வக்கீலம்மா முன்னால் வந்தார்.

"சார், என் கட்சிக்காரங்க நேத்து இந்தக் கிணத்தைச் சுத்தம் பண்ணி நிறைய பிளீச்சிங் பவுடர் போட்டிருக்காங்க. நீங்க வர்றீங்கன்னு மரியாதைக்குப் பண்ணிட்டாங்க. அது தப்பு. அதை முதல்ல எழுதிக்குங்க. இந்தத் தண்ணிய எறைச்சுட்டு, புதுசா ஊறி வர்றதைப் பாக்கும்படி கேட்டுக்கறேன்."

கமிஷனர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். எழுதிக்கொண்டார்.

உப்புப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற ஆயில் இன்ஜின் ஒன்றை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். வக்கீலம்மா அதையும் நிறுத்தினார். "உப்புத் தண்ணி எறைச்ச குழாய். அதுலருந்து எதுவும் கலந்துடக் கூடாது. வாளியால எறைங்க." எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அது நியாயம்தான். நானும் காலனி ஆட்களும் மாறி மாறி இறைத்தோம். என் உள்ளங்கை தோல் உரிந்தது. கத்துவதற்கு மூச்சு இல்லாமல் நான் வேலை செய்தது என் ஆயுளிலேயே அன்று ஒருநாள்தான். கிணறு அடி கண்டது. மணல் பக்கத்திலிருந்து தண்ணீர் கசிந்து ஊறியது.

தெளிவாக ஊறியது.

கம்பெனி வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்து, கெஸ்ட் ஹவுஸில் சாப்பாடு தயார் என்றார். கமிஷனர் எழுந்தார். நான் வக்கீலம்மா பக்கத்தில் போய், "ஏதாவது சொல்லி நிறுத்துங்க மேடம், கெஞ்சிக் கேக்கறேன்" என்றேன். அவர் கமிஷனரிடம் சொன்னது இது.

"சார், இப்ப ஊறுனது தெளிவாத்தான் இருக்கு. அதையும் எழுதிக்குங்க."

செல்லம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆனா பக்கத்து மணல்லயும் நேத்துப் போட்ட பவுடர் இறங்கியிருக்கும்னு நெனைக்கறேன். நிச்சயமாத் தெரியாது. இன்னொரு தடவை எறைச்சுப் பாத்துட்டா தெரிஞ்சுடும்."

"சார், இப்படியே போனா சாயங்காலம் வரைக்கும் எறைப்பாங்க" என்றார் கறுப்புக் கண்ணாடி.

கமிஷனர் தான் எழுதியிருந்ததைப் பார்த்தார். காலையிலிருந்து எங்களுக்கு எதிராக அவர் எழுதியதெல்லாம் எங்கள் வக்கீல் சொன்னவைதான். மறுபடி உட்கார்ந்தார்.

"அவங்க சொன்னா இருக்கும். எறைங்க."

இறைத்தோம். ஊறி வந்தது. வாளியை மேலே இழுத்து, வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒன்றில் ஊற்றிக் கமிஷனர் முன்னால் வைத்தார்கள். நிறம் வந்திருந்தது. அந்த நாற்றமும் வந்திருந்தது.

சனம் வெடித்தது. "ரத்தம் சார், ரத்தம்!" என்றான் ஒருவன். "மஞ்சக் காமாலை தண்ணி!" என்றாள் செல்லம்மா. கறுப்புக் கண்ணாடி இதற்காகவே காத்திருந்தவர் போலச் சிரித்தார். "எழுதிக்குங்க சார், ரத்தமாம்."

கமிஷனர் கையை உயர்த்தினார். முன்னால் நின்றது நான், ஈரமும் சேறுமாக. "நீங்க சொல்லுங்க பெரியவரே. என்ன நிறம்?"

ரத்தம் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. சாக்கடை, விஷம், சாவு, மௌத்து, எல்லாம் இருந்தன. வக்கீலம்மா என்னைப் பார்க்கவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். பார்த்ததைச் சொன்னேன்.

"லேசான மஞ்சள் சார்."

அந்த 'லேசான' என்ற சொல்லை வெளியே தள்ள எனக்கு வாளி இழுத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. ரத்தம் என்றிருந்தால் கறுப்புக் கண்ணாடி அடித்து நொறுக்கியிருப்பார். லேசான மஞ்சளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கமிஷனர் அப்படியே எழுதி, கோப்பைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றி அரக்கு வைத்தார்.

வீட்டில் என் மனைவி, "இவ்ளோ கஷ்டப்பட்டு எறைச்சுட்டு, லேசான மஞ்சளாம்!" என்று சாப்பாட்டுத் தட்டைச் சத்தமாக வைத்தாள்.

தடை உத்தரவு வந்தது. கம்பெனி இனிமேல் அந்தக் குட்டையில் ஒரு சொட்டு விடக்கூடாது. கிணறு சரியாகும்வரை எங்களுக்கு லாரியில் தண்ணீர் கொடுக்க வேண்டும். நான் ஒரு பெட்டி ஜிலேபியோடு திண்டிவனம் கோர்ட் வாசலில் போய் நின்றேன்.

"சந்தோஷமா மேடம்?"

அதையும் யோசித்தார். "இனிமே விடக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்கு பாய். மண்ணுல இறங்குனது இறங்குனதுதான். அது தெளிய எத்தனை மழை ஆகுமோ. கொஞ்சம் சந்தோஷம்."

ஜிலேபிப் பெட்டியோடு நிற்பவனிடம் சொல்கிற பேச்சா அது? எனக்கு அப்படியே பெட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போகலாம் போல இருந்தது. அதற்குள் அவர் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு, "இனிப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்குப் படியேறிப் போனார்.

பிறகு அவர் வேறு ஊர் கோர்ட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் பார்க்கவில்லை. சில மழைகளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் சோறு வெள்ளையாக வந்தது. அன்றைக்கு ஊருக்கெல்லாம் கத்திச் சொன்னேன், கிணறு தெளிந்துவிட்டது என்று. இங்கேயும் அப்படியே எழுதி முடிக்க ஆசைதான். ஆனால் கோடை முற்றி, தண்ணீர் கீழே போய், அடி வாளி வரும்போது பார்த்திருக்கிறேன். லேசாக மஞ்சள் இருக்கும்.